பெரிய கோயில் கட்டியவனுக்குக் காசு அடிக்க ஆள் கிடைக்கவில்லையா?

வாசகர் ஒருவர் எழுதியது:
"இராசராசனின் செப்புக்காசு ஒன்று கைக்கு வந்தது. ஒரு பக்கம் நிற்கிற ஆள், மறுபக்கம் உட்கார்ந்திருக்கிற ஆள், பக்கத்தில் நாகரியில் ராஜராஜ என்று எழுத்து. ஆனால் உருவத்தைப் பார்த்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் கிறுக்கியது போல இருக்கிறது. தஞ்சை விமானத்தையும் அந்தச் செப்புத் திருமேனிகளையும் செய்த காலம்தானே இது? காசு அடிக்க மட்டும் ஆள் கிடைக்கவில்லையா?"

11 ஜூன் 2023

ஆள் கிடைத்தார், நல்ல ஆளாகத்தான் கிடைத்தார். நீங்கள் ஒப்பிடுகிற இடம்தான் சரியில்லை.

செப்புத் திருமேனி மெழுகில் பிறப்பது. மூக்கு சரியாக வரவில்லையா, வழித்துவிட்டு மறுபடி வைக்கலாம். காசு அச்சை இரும்பில் வெட்ட வேண்டும், எடுத்தது எடுத்ததுதான். காசில் மேடாக வரவேண்டியதை இங்கே பள்ளமாக வெட்ட வேண்டும், வலக்கையை இடக்கையாக வெட்ட வேண்டும், எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி வெட்ட வேண்டும். எல்லாம் இரண்டு சென்டிமீட்டர் வட்டத்துக்குள். அப்புறம், திருமேனி ஆயிரம் வருடம் நிற்கும் என்று நினைத்துச் செய்வது. அச்சு அப்படி இல்லை. அடிக்க அடிக்கத் தேயும், ஓரம் உடையும், ஒரு நாள் நடுவில் பிளந்து நிற்கும். உடனே அடுத்ததை வெட்டியாக வேண்டும், அதுவும் பழையதைப் போலவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சந்தையில் வாங்க மாட்டார்கள். இந்த நிலையில் இருக்கிற ஒருவர் எந்த மாதிரி உருவத்தைத் தேர்ந்தெடுப்பார்?

எங்கள் வீட்டில் நகைப் பட்டறை இருந்தது. இப்போது தொழில் இல்லை, பட்டடைக்கல்லும் சாமான்களும் இருக்கின்றன. பொழுதுபோக்காக இந்தக் காசுக்கு அச்சு வெட்டி அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செய்து பார்த்தபிறகு என் கணிப்பு இது: அந்த உருவத்தை அச்சு வெட்டியவர் வரையவில்லை, அடுக்கியிருக்கிறார். காசை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தலை ஒரு உருண்டை. தோள் ஒரு கோடு. கால் இரண்டு கோடு, மூட்டில் புள்ளி. இடுப்பிலிருந்து இருபுறமும் தொங்கும் துணி முனைகள் வளைந்த கோடுகள். புள்ளி, நேர்க்கோடு, பிறை என்று மூன்று நான்கு பஞ்ச் (முனையில் வடிவம் வெட்டிய எஃகுக் குச்சி, அச்சில் வைத்துத் தட்டினால் அந்த வடிவம் பள்ளமாக விழும்) இருந்தால் ஆளையே நிறுத்திவிடலாம். எழுத்துக்கும் அதே பஞ்ச்தான். நாகரியில் 'ராஜராஜ' என்று எழுதிப் பாருங்கள், எத்தனை நேர்க்கோடு வருகிறது என்று தெரியும்.

13 ஜூன் 2023

பஞ்ச் எதில் செய்வது என்று கேட்டவருக்கு: தேய்ந்துபோன பழைய அரம். அதில் கரி அதிகம் உள்ள எஃகு இருக்கிறது. நெருப்பில் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டால் மென்மையாகிவிடும். வேண்டிய முனையை ராவிக்கொண்டு மறுபடி காய்ச்சி எண்ணெயில் தோய்க்க வேண்டும். எவ்வளவு சிவப்பு என்று கண்ணை நம்ப வேண்டாம், ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டித் தொட்டுப் பாருங்கள். 770 டிகிரிக்குப் பக்கத்தில் இரும்பு காந்தத்துக்கு மசியாது, அதைத் தாண்டிக் கொஞ்சம் போனதும் தோய்த்துவிடலாம். தோய்த்த எஃகு கண்ணாடி போல உடையும், அதனால் பளபளப்பாகத் தேய்த்துவிட்டு மறுபடி மெல்லச் சூடாக்கி வைக்கோல் நிறம் ஏறும்போது நிறுத்த வேண்டும். நிறம் நீலத்துக்குப் போய்விட்டால் பஞ்ச் போதிய கடினமாக இருக்காது, அச்சில் அடித்தால் அதன் முனைதான் நசுங்கும்.

அச்சுக்கு லாரி ஆக்சில் துண்டு. பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும்.

14 ஜூன் 2023

இன்னொரு கேள்வி, நேரே சிஎன்சி-யில் (கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டும் மெஷின்) வெட்டினால் என்ன என்று. வெட்டலாம். மெடல் அடிக்கிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். தவிர, கம்ப்யூட்டரில் வரைந்து வெட்டிய நகல் காசுகளைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். இரண்டு காலும் ஒரே தடிமனாக இருக்கும். அசலில் எந்தக் காசிலும் அப்படி இருக்காது.

18 ஜூன் 2023

வில்லையைப் பற்றி. (காசு அடிப்பதற்கு முன் உள்ள வெறும் வட்டத் துண்டைத்தான் வில்லை என்கிறேன்.)

இந்த வகைச் செப்புக்காசு பெரும்பாலும் 4 கிராமை ஒட்டி இருக்கும், குறுக்களவு 20 மில்லிமீட்டரை ஒட்டி. கணக்குப் போட்டால் தடிமன் 1.4 மில்லிமீட்டர் வருகிறது. பழைய செப்புக் குடத்துத் தகடு இதற்கு ஆகாது, ரொம்ப மெலிசு. கடையில் கிடைக்கிற எர்த்திங் பட்டை 3 மில்லிமீட்டர், சுத்தமான செம்பு. ஆரம்பத்தில் அதை அடித்து மெலிதாக்கிக் கத்திரியால் வெட்டிக்கொண்டிருந்தேன். வேலை நடக்கும், ஆனால் எடை ஒன்றுபோல நிற்காது, வெட்டிய ஓரத்தில் மூலை மூலையாகத் தெரியும்.

இப்போது வேறு வழி. பட்டையைத் துண்டு துண்டாக நறுக்கி எடை போட்டுக்கொள்கிறேன். 4 கிராம் துண்டை அடுப்புக்கரியில் குழி தோண்டி வைத்து வெண்காரம் தூவி ஊதினால் உருகித் தானாகவே மணியாகத் திரண்டுகொள்ளும். ஒன்பதரை மில்லிமீட்டர் மணி. அதைப் பட்டடையில் வைத்துத் தட்டினால் தன்னால் வட்டமாக விரிகிறது. ஓரத்தில் சின்னச் சின்ன வெடிப்பு விழும், அசல் காசுகளிலும் அதே வெடிப்பைப் பார்க்கலாம். சுத்தியல் பட்டுச் செம்பு இறுகிவிட்டால் மறுபடி சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டுவிடுங்கள். எஃகுக்கு நேர்மாறு இது, செம்பைத் தண்ணீரில் போட்டாலும் மெதுவாகத்தான் இருக்கும். கறுத்த மேல்பூச்சு போகப் புளித்தண்ணீரில் கொதிக்கவைத்தால் போதும், ஆசிட் வேண்டாம். எங்கள் பட்டறையில் புளிக்கரைசல் சட்டிக்கு ஓய்வே இருக்காது, அந்த வாடை எனக்கு இன்னும் பிடிக்கும்.

19 ஜூன் 2023

சோழர் காசெல்லாம் வார்த்தது, அடித்தது இல்லை என்று ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். வார்ப்புக் காசு இந்தியாவில் உண்டு, மறுக்கவில்லை. ஹரியானாவில் ரோத்தக் பக்கத்தில் கோக்ராகோட்டில், யௌதேயர் என்ற பழைய வடநாட்டு இனத்தாரின் காசுகளுக்கான மண் அச்சுகளைப் பீர்பல் சாஹ்னி கண்டெடுத்தார், தாவரப் புதைபடிவ ஆராய்ச்சிக்காரர் அவர், 1945இல் அதைப் பற்றித் தனியாகவே எழுதினார். ஆனால் அது பல நூற்றாண்டு முந்தைய கதை.

அடித்ததா வார்த்ததா என்று கையில் உள்ள காசே சொல்லும். ஓரத்தில் வெளிப்புறம் நோக்கி வெடிப்பு இருந்தால் அடித்தது. உருவம் ஒரு பக்கமாக நகர்ந்து பாதி வெளியே போயிருந்தால் அடித்தது. முன்பக்கத்து ஆளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு காசைத் திருப்பினால், பின்பக்கத்து ஆள் ஒரு காசில் நேராகவும் அடுத்ததில் படுத்தும் இன்னொன்றில் தலைகீழாகவும் இருப்பார். மேலச்சை (வில்லைக்கு அடியில் இருப்பது கீழச்சு, மேலே வைப்பது மேலச்சு) கையில் பிடித்து வைத்து அடிக்கும்போது எந்தக் கோணத்தில் வைத்தோம் என்று யார் பார்க்கிறார்கள்?

26 ஜூன் 2023

அடிப்பது எப்படி என்று விரிவாகக் கேட்டிருந்தீர்கள்.

கீழச்சின் அடியைக் கூராக ராவி ஒரு கனமான மரக்கட்டையில் இறக்கியிருக்கிறேன். புளியமரக் கட்டை, கறிக்கடையில் போடுவார்களே அது. அச்சு ஆடக் கூடாது, ஆடினால் எல்லாம் இரட்டை இரட்டையாக விழும். வில்லையைக் கீழச்சின்மேல் வைத்து, மேலச்சை அதன்மேல் நிறுத்தி, சம்மட்டியால் ஒரே அடி. மெதுவாக நாலு அடி அடிப்பதும் ஓங்கி ஒரு அடி அடிப்பதும் ஒன்றில்லை. முதல் அடியிலேயே மேலச்சு துள்ளும், இரண்டாவது அடிக்குள் மயிரிழை திரும்பியிருக்கும், ஆளுக்கு மூன்று கை முளைத்திருக்கும்.

தனியாகச் செய்யும் வேலையில்லை. அக்பரின் நாணயச் சாலையைப் பற்றி அபுல் ஃபசல் ஆயின்-இ-அக்பரியில் எழுதும்போது அச்சுகளுக்கு நடுவே வில்லையை வைப்பவரையும் சம்மட்டி அடிப்பவரையும் தனித்தனி ஆளாகத்தான் சொல்கிறார். எனக்கு வைத்துக்கொடுப்பது என் மைத்துனர். அடிப்பது நான். "மாப்ள, என் விரலும் காசு மாதிரி ஆயிடும்போல" என்பார் ஒவ்வொரு முறையும். மேலச்சைப் பிடிக்க நீளமான இடுக்கி வாங்கிக் கொடுத்தபிறகுதான் பேச்சு குறைந்தது.

சூடாக அடிப்பதா, ஆறியபின் அடிப்பதா? காய்ச்சி மெதுவாக்கிய செம்பை ஆறியபின் அடித்தாலே இந்தக் காசுக்குப் போதும். சூட்டோடு அடித்தால் உருவம் நன்றாக எழும்பும், ஆனால் அச்சின் பதம் (காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கடினம்) சீக்கிரம் இறங்கிவிடும், வில்லை மேல் உள்ள கருப்புத் துகளும் அச்சுக்குள் ஒட்டிக்கொண்டு எழுத்தை அடைக்கும்.

ஒரு வேடிக்கை. சில சமயம் அடித்த காசு மேலச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். கவனிக்காமல் அடுத்த வில்லையை வைத்து அடித்தால், புதுக்காசின் ஒரு பக்கத்தில் உருவம் சரியாகவும் மறுபக்கத்தில் அதே உருவம் பள்ளமாகத் திரும்பியும் விழும். சேகரிப்பவர்கள் இதற்கு நல்ல விலை கொடுப்பார்கள். நாங்கள் அடித்ததில் அப்படி விழுந்ததைத் தூக்கிப்போட மனம் வரவில்லை, மைத்துனர் சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிறார்.

2 ஜூலை 2023

மேலே எழுதியதற்கு ஒரு சேர்க்கை. எழுத்துள்ள பக்கத்தை மேலச்சாக வைத்திருந்தேன், இப்போது அதைக் கீழே மாற்றிவிட்டேன். காரணம் எளிது. சம்மட்டி நேராக விழுவது மேலச்சின் தலையில், கீழச்சுக்கு மரக்கட்டையின் தாங்கல் இருக்கிறது. அதனால் மேலச்சுதான் முதலில் சாகும். வெட்டக் கஷ்டமானதைக் கீழே வைப்பதுதான் புத்தி. இங்கிலாந்து நாணயச் சாலைக் கணக்குகளில் ஒரு கீழச்சுக்கு இரண்டு மேலச்சு என்று கொடுத்திருக்கிறார்கள். அங்கே அரசர் தலை கீழே, சிலுவை மேலே. சிலுவையை யார் வேண்டுமானாலும் வெட்டலாம் அல்லவா.

3 ஜூலை 2023

"வெள்ளைக்காரன் காசு மட்டும் அழகா?" என்று கேட்பவருக்கு. எட்வர்டு ஒன்றாம் அரசர் 1279இல் புதிதாக அடித்த பென்னியை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளி, ஒன்றரை கிராம் கூட இல்லை. அதில் உள்ள முகம் எட்வர்டுடையது இல்லை, யாருடையதும் இல்லை. கிரீடம், இரண்டு பக்கமும் சுருள் முடி, கண், மூக்கு. அவர் மகன் காலத்திலும் கிட்டத்தட்ட அதே முகம்தான். அதற்கும் முன்னே 1180 முதல் 1247 வரை ஒரு பென்னி ஓடியது, நடுவில் ரிச்சர்டும் ஜானும் ஆண்டார்கள், காசில் மட்டும் கடைசிவரை ஹென்றி என்றே பெயர். மாற்றினால் ஜனங்கள் சந்தேகப்படுவார்கள், இருந்ததையே அடித்துக்கொண்டு போனார்கள். அந்த அச்சுகளும் பஞ்ச் வேலைதான், எழுத்துகளைக் கூட ஆப்பு வடிவம், பிறை வடிவம் என்று சேர்த்துச் சேர்த்து அடித்திருப்பது உருப்பெருக்கியில் தெரியும்.

அங்கே அச்சு வெட்டும் உரிமையை இலண்டன் கையில் வைத்திருந்தது. 1086ஆம் ஆண்டின் டோம்ஸ்டே என்ற இங்கிலாந்து நிலக் கணக்குப் பதிவேட்டில் வூஸ்டர் ஊர்க் காசடிப்போர், காசு மாறும்போதெல்லாம் இலண்டனுக்குப் போய் ஆளுக்கு 20 ஷில்லிங் கட்டி அச்சு வாங்கியதாக இருக்கிறது. 20 ஷில்லிங் என்றால் 240 பென்னி. அச்சு கொடுத்தே சம்பாதித்திருக்கிறார்கள். எடையில் ஏமாற்றினால் தண்டனையும் சும்மா இல்லை. ஒன்றாம் ஹென்றி காலத்தில் காசடிப்போரை வின்செஸ்டருக்கு வரவழைத்து வலக்கையை வெட்டியதை ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றேடு எழுதிவைத்திருக்கிறது. வலக்கை மட்டும் இல்லை, மற்றதை இங்கே எழுத வேண்டாம், பெண்களும் படிக்கிறார்கள் என்று மைத்துனர் சொல்கிறார். பெண்கள்தான் விவரமாகக் கேட்கிறார்கள் என்று நான் சொன்னேன்.

9 ஜூலை 2023

அடித்த காசைப் பழசாகக் காட்டுவது எப்படி, பச்சைக்களிம்பு எப்படி ஏற்றுவது என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறார் ஒரு நண்பர். சொல்ல மாட்டேன்.

10 ஜூலை 2023

கோபித்துக்கொண்டார். சரி, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கோயில் ஊர்களில் ஆற்றில் கிடைத்தது என்று சொல்லி விற்கும் போலிகளில் ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். நான் அடிப்பதெல்லாம் செம்பின் நிறத்திலேயே இருக்கும், ஓரத்தில் 'நகல்' என்று சின்ன பஞ்ச் அடித்திருப்பேன். அமெரிக்காவில் 1973 முதல் பழங்காசு நகலில் 'காப்பி' என்று பொறிப்பது சட்டப்படி கட்டாயம். நம் ஊரிலும் நாமாகவே செய்துகொண்டால் என்ன குறைந்துவிடும்?

இதெல்லாம் கள்ளநோட்டு மாதிரிக் குற்றமா என்று பயந்தவருக்கு: 2024 ஜூலையில் புதுச் சட்டம் வரும்வரை இருந்த இந்திய தண்டனைச் சட்டம், 230ஆம் பிரிவில் நாணயம் என்பது அந்தந்தச் சமயத்தில் பணமாகப் புழங்கும், அரசு முத்திரையிட்டு வெளியிட்ட உலோகம் என்று சொல்லியிருந்தது. விளக்க உதாரணத்தில் முதல் வரியே "சோழிகள் நாணயமல்ல" என்றுதான் இருந்தது. இராசராசன் காசை வைத்து இன்று டீ வாங்க முடியாது. ஆனால் அதை அசல் என்று சொல்லி ஒருவரிடம் விற்றால் அது மோசடி, அதில் சந்தேகமே இல்லை.

23 ஜூலை 2023

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார், அவர் தாத்தா வைத்திருந்த காசிலும் இதே நிற்கிற ஆள், உட்கார்ந்த ஆள், ஆனால் பெயர் வேறு என்று. அது இலங்கை அரசர் காசாக இருக்கும் அக்கா. சோழர் 1070ஐ ஒட்டி அங்கிருந்து போய்விட்டார்கள், காசின் உருவம் போகவில்லை. பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், சகசமல்லன் என்று வரிசையாக எல்லாரும் அதே ஆளை வைத்து, பக்கத்தில் பெயரை மட்டும் நாகரியில் மாற்றி அடித்தார்கள். லீலாவதி என்ற அரசி மூன்று முறை ஆட்சிக்கு வந்தவர், அவர் காசிலும் அதே ஆள்தான் நிற்கிறார். அரசி என்பதற்காக உருவத்தை மாற்றவில்லை, பெயரில்தான் தெரியும்.

இதைவிட நல்ல பதில் முதல் கேள்விக்கு என்னிடம் இல்லை. கடலைத் தாண்டி, எதிரி நாட்டிலும் இருநூறு வருடம் ஓடிய வடிவம் அது. யார் வேண்டுமானாலும் சட்டென்று வெட்ட முடிந்ததால்தான் ஓடியது. லீலாவதி காசுக்கு அச்சு வெட்ட ஆரம்பித்திருக்கிறேன். உடம்புக்கு அதே பஞ்ச், எழுத்துக்கு மட்டும் 'ல' வளைவுக்காக ஒரு புது பஞ்ச் தேவைப்பட்டது.

30 ஜூலை 2023

அந்த அக்கா படம் அனுப்பினார். ஒன்று பராக்கிரமபாகு. இன்னொன்றில் நந்தியும் கீழே தமிழில் 'சேது' என்றும் இருக்கிறது, அது யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் காசு, தாத்தா நன்றாகத்தான் சேர்த்திருக்கிறார். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள் அக்கா, புளி நான் அடிக்கும் காசுக்குத்தான்.

13 ஆகஸ்ட் 2023

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு இந்தச் சோழர் காசு கொஞ்சம் பெரிது. புதுக்கோட்டை அம்மன் காசில் தொடங்கலாம். இடைக்காலம் இல்லை, ஆனால் வேலை அதே வேலை. ஒரு பக்கம் உட்கார்ந்த பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்று மூன்றே எழுத்து. நவராத்திரியில் அரிசியோடு கொடுத்த காசு அது. பிற்பாடு பர்மிங்காமில் மெஷினில் அடித்து வந்தது, அதைப் பார்த்து வெட்டாதீர்கள். முந்தைய கையடிக் காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வட்டம் சின்னது என்பதால் சம்மட்டி ஓங்கும் பலமும் குறைவாகவே தேவைப்படும், பலம் குறைந்தால் அச்சுக்கும் ஆயுள் கூடும்.

அச்சு வெட்டும்போது நடுவே நடுவே சரிபார்க்க அரக்கைச் சூடாக்கி அழுத்திப் பார்க்கலாம். ஈயத் துண்டில் தட்டிப் பார்ப்பது இன்னும் தெளிவாக இருக்கும். இங்கிலாந்தில் யார்க் நகரத்துக் காப்பர்கேட் அகழாய்வில் பத்தாம் நூற்றாண்டு இரும்பு அச்சோடு அப்படிச் சோதித்த ஈயத் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் முறுக்கு தின்ன வேண்டாம்.

20 ஆகஸ்ட் 2023

ஒருவர் வீடியோ அனுப்பியிருக்கிறார், வீட்டு மாடியில் அடிக்கிறார், காசு நன்றாகவே வருகிறது, எழுத்து மட்டும் கொஞ்சம் ஆழம் போதவில்லை. ஆனால் மேலச்சின் தலையைப் பாருங்கள் தம்பி. சம்மட்டி பட்டுப் பட்டு ஓரமெல்லாம் காளான் குடையாக விரிந்து கீழே மடங்கியிருக்கிறது. அந்த ஓரம் ஒரு நாள் தெறிக்கும், துப்பாக்கிக் குண்டு வேகத்தில் போகும். இன்றைக்கே கிரைண்டரில் வைத்துச் சுற்றிலும் தேய்த்துச் சரிவாக்கிவிடுங்கள். தலைப்பக்கத்துக்குப் பதம் வைத்திருந்தால் அதைக் காய்ச்சி மெதுவாக்கிவிடுங்கள், பதம் முகத்துக்கு மட்டும் போதும். கண்ணாடி போடாமல் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது, வீடியோ எடுக்கிறவரும்தான்.